முனவ்வரா அக்காவின் இரண்டு பவுண்டு

இர்விங்கில் ஒரு பாய் வீட்டம்மா நாற்பது பவுண்டு மீனைப் பிடித்து, அது டெக்சாஸுக்கே ரெக்கார்டு என்று தெரியாமல் குழம்பு வைத்துவிட்டாராம். எனக்கு இதைச் சொன்னவள் ஷ்யாமளா. அவளுக்கு ஃப்ரிஸ்கோவில் இருக்கும் நாத்தனார் சொல்லியிருக்கிறாள். நாத்தனாருக்கு யாரோ ஒருவர், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில்.

"நாப்பது பவுண்டு மீன வைக்கறதுக்கு சட்டி எங்கடி கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கவர்மென்ட்லேர்ந்து ஆளுங்க வந்து மிச்சக் கொழம்ப சாம்பிள் எடுத்துட்டுப் போனாங்களாம்."

கவர்மென்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் விசாத் தாள்களெல்லாம் எந்த டிராயரில் இருக்கின்றன என்று யோசித்தேன். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கிறவர்களுக்கு அந்தச் சொல் அப்படித்தான் வேலை செய்யும். மேலும், இர்விங்கில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அலையும் பாய் வீட்டம்மா ஒரே ஒருவர்தான். எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் முனவ்வரா அக்கா. அவர் அனுப்பிய மீன் குழம்பை நான் முந்தின மாதம்தான் ஒரு கிண்ணம் நிறைய வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அப்படியானால் சாட்சியத்தைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி.

அன்று சாயங்காலமே மேலே போய்க் கதவைத் தட்டினேன். விஷயத்தைக் கேட்டதும் அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நாப்பதா? ரெண்டு புள்ள. வெறும் ரெண்டு. அதுவும் நிரூபிக்க முடியாத ரெண்டு."

"ரெண்டு பவுண்டுக்கா இவ்ளோ பேச்சு?"

"அதான் யாருக்கும் புரிய மாட்டேங்குது. உக்காரு, டீ போடறேன்."

முனவ்வரா அக்கா கீழக்கரைக்காரர். கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் யாரும் தூண்டிலைத் தொட்டதில்லை. மீன் வாசலுக்கு வரும், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து, சேக் தாவூத் அண்ணனைக் கல்யாணம் செய்து, நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து இறங்கினார். வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில், ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு, மகன் ஆதிஃபை வளர்த்தார். அனுமதி வந்த வாரமே வேலைக்கு விண்ணப்பம் போட்டார். பிறகு டெக்சாஸுக்கு மாறி, இப்போது இர்விங்கின் லாஸ் கொலினாஸில் எங்கள் ஆபீசிலேயே டெஸ்டிங் டீமுக்குத் தலைவி. நாங்கள் எழுதுகிற மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. கண்டுபிடித்த தப்பை மூன்று முறை திரும்ப வரவழைத்துக் காட்டாமல் டிக்கெட் போட மாட்டார், அதாவது தப்புப் பட்டியலில் பதிய மாட்டார். ஒரே ஒரு தடவை வந்து மறைந்துபோன தப்பை யாராவது கொண்டுவந்தால், "திரும்ப வந்துச்சுன்னா வா" என்று அனுப்பிவிடுவார். அவரிடம் 'இருக்கலாம்', 'வரலாம்' என்று பேசி ஜெயித்தவர்கள் ஆபீசில் யாரும் கிடையாது.

ஊரடங்குக் காலத்தில் ஆபீஸ் மூடியிருந்தபோது ஏரிக்கரையில் நடக்கப் போனாராம். ஊரே வாயில் துணி கட்டிக்கொண்டு ஊமையாக இருக்க, ஏரியின் மேல் மிதந்துகொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையிலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வந்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தார். மறுநாள் லைசென்ஸ் வாங்கினார். அதற்கு மறுநாள் தூண்டில்.

அந்தக் கொட்டகையை நானும் பிறகு பார்த்தேன். மீன்பிடி மிதவை என்று சொல்லலாம். தகரக் கூரை, நாலு பக்கமும் கனமான பிளாஸ்டிக் திரை, மூலையில் ஹீட்டர். நடுவில் தரையே இல்லை. ஒரு அறை அளவுக்குச் செவ்வகமாக வெட்டிவிட்டு, சுற்றிலும் கம்பி அடித்திருக்கிறார்கள். கம்பியைச் சுற்றி எங்கெங்கிருந்தோ கழித்துப் போட்ட ஆபீஸ் நாற்காலிகளும் ஒரு சோபாவும். உட்கார்ந்தபடியே அந்த ஓட்டைக்குள் தூண்டிலை இறக்க வேண்டியதுதான். கீழே, ஏரியின் அடியில், பண்டிகை முடிந்து வீசிய கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டி அமிழ்த்தி வைத்திருப்பார்கள். கிளைகளுக்கு நடுவே க்ராப்பி மீன்கள் கூட்டமாக ஒதுங்கும். வெள்ளி உடம்பில் கரும்புள்ளி தெளித்த, தட்டையான மீன். பார்ப்பதற்கு நம் ஊர் ஜிலேபிக் கெண்டைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும்.

மிதவையைப் பார்த்துக்கொள்பவர் எர்ல் என்கிற வெள்ளைக்காரர். டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்க ஃபோட்டோக்கள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் க்ராப்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார். கீழே பெயர், எடை. அந்தச் சுவரில் ஏற ஒரே ஒரு தகுதி: இரண்டு பவுண்டு.

அக்கா முதல் மாதமே எர்லிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். பெரிய க்ராப்பி என்றால் என்ன, எந்த அளவில், யார் முடிவு செய்தது? எர்ல் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். பத்து அங்குலம் இல்லையென்றால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும், அது மாநிலச் சட்டம். பன்னிரண்டு வந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பார். பதினாலு வந்தால் எழுந்தே வருவார். ஆனால் நீளத்தை வைத்து யாரும் பெரிசு என்று சொல்வதில்லை. நீளமாக இருந்து வயிறு ஒட்டிப்போன மீனும் உண்டு. அளவுகோல் சட்டம் பார்க்க வருகிற வார்டனுக்கு, தராசு நமக்கு. ஒரு பவுண்டு என்றால் நல்ல மீன். ஒன்றரைக்குக் கை குலுக்கலாம். இரண்டு பவுண்டு தொட்டால் அதற்கு ஸ்லாப் என்று பேர், கல்பாளம் மாதிரி கனம் என்று அர்த்தம். மூன்று பவுண்டைப் பற்றி அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்களாம், சில பேருக்கு ஆயுளில் ஒன்று. வேறு மாநிலத்து ஏரிகளில் கணக்கு வேறாக இருக்கலாம், இந்த ஓட்டையில் இதுதான் கணக்கு.

"என்ன வேணும்ங்கற ஸ்பெக் தெளிவா இருந்துச்சு புள்ள. எனக்கு அது போதும்" என்றார் அக்கா.

தாவூத் அண்ணனுக்குத்தான் அது போதவில்லை. நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து வந்து சேர்ந்துகொண்டார்.

"நீயே சொல்லும்மா. ரெண்டு பவுண்டுன்னா தொள்ளாயிரம் கிராம். ஒரு கிலோ கூட இல்ல. எங்க வாப்பா கடையில அத மீனுன்னே சொல்ல மாட்டாங்க. கொசுறுன்னு சொல்லுவாங்க."

"மச்சான், எறும்புல பெருசு எதுன்னு கேட்டா யானையக் காட்டுவீங்களா?"

"எறும்புக்கு யாரு முனா ஃபோட்டோ எடுத்து மாட்றாங்க?"

அக்கா, பாதி டீ இருக்கும்போதே என் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

நடந்தது இதுதான். அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை, எர்ல் தூண்டிலுக்கு இரை வாங்கி வர வெளியே போயிருந்த நேரம். அக்காவின் தூண்டிலில் ஒரு க்ராப்பி ஏறியது. அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார், பதினைந்தரை அங்குலம். ஃபோனில் படமும் எடுத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் விசில் அடித்தார்கள். அடுத்து அக்கா செய்ததைக் கீழக்கரைக்காரி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மீனை நேரே சுத்தம் செய்கிற மேஜைக்குக் கொண்டுபோனார்.

ஆரம்பத்தில் ஒரு முறை வீட்டில் மீன் கழுவி, நாற்றம் என்று அபார்ட்மென்ட்டின் லீஸிங் ஆபீஸிலிருந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதிலிருந்து அக்கா பிடித்த இடத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் வருவார். மற்றவர்கள் இரண்டு பக்கத்துச் சதையை மட்டும் சீவி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிவார்கள். அக்கா அப்படி இல்லை. செதில் சுரண்டி, குடல் எடுத்து, தலையைத் தனியாக வைத்து, முள்ளோடு வட்ட வட்டமாகத் துண்டு போட்டு, வைட்டமின் மாத்திரை டப்பாவில் கொண்டுபோகிற கல்லுப்பும் மஞ்சள்தூளும் தடவி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவார். நல்ல மீனைக் காக்க வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கை தானாகப் போய்விட்டது.

எர்ல் திரும்பி வந்து, செய்தி கேட்டு, தராசை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது பெட்டிக்குள் மஞ்சள் மஞ்சளாக எட்டுத் துண்டும் ஒரு தலையும் இருந்தன. மனிதர் தளராமல் அதையும் நிறுத்திருக்கிறார். ஒரு பவுண்டு பதினோரு அவுன்ஸ். பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ் கணக்கில், இரண்டுக்கு ஐந்து அவுன்ஸ் குறைவு. குடலும் செதிலும் அதற்குள் கீழே கெளுத்திகளின் வயிற்றில்.

"அதையும் சேர்த்தால் இரண்டு வரும்" என்றிருக்கிறார் அக்கா.

"வரலாம்" என்றிருக்கிறார் எர்ல். பிறகு, மன்னிக்க வேண்டும், கறியை நான் சுவரில் மாட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து தாவூத் அண்ணன் இதை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லப்போக, அங்கிருந்து கிளம்பியதுதான் ஷ்யாமளா வரை வந்த கதை. அண்ணன் இரண்டு என்றுதான் சொன்னார். இரண்டு பவுண்டு மீனுக்கெல்லாம் ஒரு கதையா என்று நினைத்தவர்கள், வாய்க்கு வாய் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அக்காவுக்கு இதே பாட்டு. பிறந்தநாள் விழாவில் ஒருவர் கேக் தட்டோடு வந்து கேட்பார்: "அக்கா, அந்த ரெக்கார்டு தேங்கா அரச்ச கொழம்பா, புளிக் கொழம்பா?" ஹூஸ்டனில் படிக்கும் ஆதிஃப் கூட ஃபோனில், "உம்மா, டிட் யூ ஈட் எனி எவிடன்ஸ் டுடே?" என்று ஆரம்பிப்பான். அக்கா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் முகம் மாறிவிடும்.

"நான் பொய் சொல்லல. ஆனா பொய் சொல்லலன்னு காட்ட முடியல. கேக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் ஒரு நாள். எத்தனை பேருடைய 'ஒரு தடவை வந்துச்சு அக்கா'வைத் திருப்பி அனுப்பியவர்! இப்போது அதே வரிசையில் அவரே நிற்க வேண்டியிருந்தது.

ஜனவரியில் தாவூத் அண்ணனுக்குக் கலிபோர்னியாவில் சான் ரமோனில் வேலை கிடைத்தது. மார்ச்சில் சேர வேண்டும். அக்கா தன் வேலையை அங்கிருந்தே பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார். வீட்டைக் காலி செய்ய மார்ச் முதல் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. நோன்பு மாதம், ஆனாலும் வேறு தேதி கிடைக்கவில்லை.

"கலிபோர்னியாலயும் ஏரி இருக்குதே அக்கா. அங்க போய் பிடிச்சுக்கலாம்" என்றேன் ஆறுதலாக.

"அது வேற டிக்கெட். இது இந்த ஏரி, இதே ஓட்டை, எர்ல் தராசு. ரெண்டு பவுண்டு, முழு மீனு. இத மூடாம நான் டெக்சாஸ விட்டுப் போக மாட்டேன்."

குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமை தவறாமல் போனார். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று அங்குலம். ஒரு பவுண்டு, ஒன்றேகால். எங்கள் எல்லார் வீட்டு ஃப்ரீஸரிலும் க்ராப்பி நிறைந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் கனமாக ஒன்று ஏறியிருக்கிறது. க்ராப்பியின் வாய் பால் ஆடை மாதிரி மெல்லிசு, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். இது தெரிந்தும், பார்த்த ஆசையில் அக்கா இழுத்துவிட்டார். கொக்கி மட்டும் மேலே வந்தது. அன்று அவர் படியேறிப் போனதைப் பார்த்தேன். வணக்கம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அவர்கள் காரை இரண்டு நாள் முன்பே கலிபோர்னியாவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். "நீ டிரைவ் பண்ணுவியா புள்ள?" என்று அக்கா கேட்டார். நான் மீன் பிடிக்கிறவள் இல்லை, நாற்காலியில் உட்காரப் போகிறவள்தான். ஆனாலும் முந்தின நாளே ஆன்லைனில் மீன்பிடி லைசென்ஸ் வாங்கி, அச்செடுத்து, பாஸ்போர்ட் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து கேட்டால்?

நோன்புக்கான சஹர் சாப்பாட்டை முடித்து, விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு அக்கா தூண்டிலோடு இறங்கி வந்தார். வீட்டுக்குள் ஆள் நடக்க வழியில்லாமல் அட்டைப் பெட்டிகள். தாவூத் அண்ணன் வாசலில் நின்றார்.

"பத்து மணிக்கு ட்ரக் வருது முனா."

"ஒம்பதரைக்கு வந்துருவேன் மச்சான்."

"வீடு காலி பண்ற அன்னிக்கு பொண்டாட்டி மீன் புடிக்கப் போனான்னு சொன்னா கலிபோர்னியால யாரும் நம்ப மாட்டாங்க."

"எடையோட சேத்துச் சொல்லுங்க. நம்புவாங்க."

மிதவையில் எர்லும் வழக்கமாக வருகிற இரண்டு கிழவர்களும் இருந்தார்கள். அக்கா கிளம்பப்போவது அவர்களுக்குத் தெரியும். எர்ல் காபி நீட்டிவிட்டு, நோன்பு ஞாபகம் வந்து பதறிப்போய், டோனட் பெட்டியைத் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்று அக்கா எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கிழவர்களும் அன்று காபியை வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தார்கள்.

மார்ச் தொடக்கம் முட்டை வைக்கிற பருவம், பெட்டை மீன்கள் கனத்துப்போயிருக்கும், பெரிசு கிடைக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மீன்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. ஏழு மணி வரை ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கை அளவில் ஒன்று, அதைத் திரும்ப விட்டார். பதினொரு அங்குலத்தில் ஒன்று, அதையும் விட்டார். எனக்கு ட்ரக்கின் ஞாபகமாகவே இருந்தது. இந்த ஊரில் குறித்த நேரத்துக்கு ஆள் இல்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு எந்த நம்பரைக் கூப்பிட்டாலும் இசைதான் கேட்கும். ஒன்பது மணி ஆயிற்று.

"அக்கா, ட்ராஃபிக் இருக்கும். கெளம்பலாமா?"

"ஒரே ஒரு தடவ."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"டெஸ்டிங்ல கடைசித் தடவன்னு ஒண்ணு கெடையாது புள்ள. ரிலீஸ் தேதிதான் உண்டு."

நூலை இறக்கினார். வெயில் தகரக் கூரையில் பட்டு டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. எர்ல் கூட எங்கள் பக்கம் வந்து நின்றார்.

நூல் இழுபடவில்லை. தளர்ந்தது. கீழே நின்று மேல் நோக்கிக் கவ்வும் மீன் க்ராப்பி, அதனால் பெரிசு பிடித்தால் முதலில் பாரம் குறைந்ததுபோலத்தான் இருக்குமாம். எனக்கு அது தெரியாது. அக்காவின் முதுகு நிமிர்ந்ததைத்தான் பார்த்தேன். மணிக்கட்டை மட்டும் மெதுவாக உயர்த்தினார், சூடான பாலிலிருந்து ஆடையை எடுப்பது மாதிரி. தூண்டில் வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது.

மீன் கிறிஸ்துமஸ் மரத்தை நோக்கி இறங்கியது. அக்கா விட்டுக்கொடுத்தார். நின்றது. கொஞ்சம் சுற்றினார். மறுபடி இறங்கியது. மறுபடி விட்டுக்கொடுத்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது, என்ன ஓதினாரோ. தண்ணீருக்கடியில் வெள்ளையாக ஒரு அகலம் புரண்டது. கிழவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"வல" என்றார் அக்கா, திரும்பாமலே.

வலைக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். மற்ற நேரமாக இருந்தால் வலை பிடிப்பதும் மீன்பிடிப்பதில் சேர்த்தியா, லைசென்ஸ் நேற்றிலிருந்தா இன்றிலிருந்தா என்று யோசித்திருப்பேன். அன்று கம்பிக்கு மேல் கவிழ்ந்து வலையை நீட்டினேன். முதல் தடவை தவறவிட்டேன். எர்ல் ஏதோ முனகினார்.

"மெதுவா. தலைப்பக்கமா வா. அவ எங்கயும் போக மாட்டா" என்றார் அக்கா. மீனைப் பற்றியா என்னைப் பற்றியா தெரியவில்லை.

இரண்டாவது தடவை வலை கனத்தது.

தரையில் வைத்தபோது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அகலம், கரும்புள்ளிகள் மின்ன, வயிறு முட்டையில் உருண்டு நின்றது. பக்கத்தில் சுத்தம் செய்கிற மேஜை. மேஜையில் கத்தி. அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உரக்க, ஆங்கிலத்தில் அறிவித்தார்: என்னை அந்த மேஜைப் பக்கம் யாரும் விடாதீர்கள். கிழவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். எர்ல் வாளியில் ஏரித் தண்ணீர் மொண்டு, மீனை அதில் விட்டு, தராசை எடுத்தார்.

"நில்லுங்கள்" என்றார் அக்கா. முதலில் தராசைச் சோதிக்க வேண்டும்.

எர்லுக்கு முகம் சிவந்தது. எத்தனையோ வருஷமாக இந்தத் தராசை யாரும் சந்தேகப்பட்டதில்லை என்றார். சந்தேகம் இல்லை, நடைமுறை என்றார் அக்கா. காபி மேஜையிலிருந்து பிரிக்காத சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டச் சொன்னார். பொட்டலத்தில் நாலு பவுண்டு என்று போட்டிருந்தது. தராசும் நாலு என்றது, பைக்கும் காகிதத்துக்கும் சேர்த்து ஒரு துளி அதிகம். எர்ல் ஜெயித்துவிட்ட மாதிரி எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

பிறகு மீன்.

இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ்.

கிழவர்கள் கத்தியதில் மிதவை ஆடியது. அக்கா கத்தவில்லை. "இன்னொரு தடவை" என்றார். மீனை ஒரு நிமிஷம் தண்ணீரில் விட்டு, திரும்ப எடுத்து, திரும்ப மாட்டினார் எர்ல். இரண்டு, மூன்று. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் தராசு. இரண்டு, மூன்று.

"மூணு தடவையும் வந்துருச்சு புள்ள" என்றார் அக்கா என்னிடம், தமிழில், சின்னக் குரலில். "ரீப்ரொட்யூஸ் ஆயிருச்சு." பிறகு துப்பட்டாவை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டீமில் யாரும் பார்த்திராத சிரிப்பு. எர்ல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அக்டோபர் மீனும் இரண்டு பவுண்டுதான் இருந்திருக்கும், அதைப் பற்றி எனக்கு இனி சந்தேகமில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அக்கா அதற்குத் தலையாட்டவில்லை. "அது வேண்டாம். இது போதும்" என்றார்.

என் தோளில் மாட்டியிருந்த அக்காவின் கைப்பைக்குள் ஃபோன் அதிர ஆரம்பித்தது அப்போதுதான். அடித்து ஓய்ந்தது. எர்ல் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஃபோனில் எடுப்பது பிடிக்காது, சுவருக்கென்றே பழைய கேமரா ஒன்று வைத்திருக்கிறார். அக்கா மீனை இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, சுவரில் இருந்த அத்தனை பேரையும் போலப் பல்லைக் காட்டினார். ஃப்ளாஷ் அடித்தது. இன்னொன்று என்றார் எர்ல்.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"அக்கா, தாவூத் அண்ணன். மணி பத்தாகப் போகுது."

"ம்."

"ட்ரக் வந்துருச்சு போல. எடுத்து நான் சொல்லட்டா?"

"என்னன்னு சொல்லுவ?"

"ரெண்டு பவுண்டு மூணு அவுன்ஸுன்னு."

"வேணாம் புள்ள. அத நாந்தான் சொல்லணும்."

"அப்ப இந்தாங்க, பேசுங்க."

"கை ஒழியல பாரு."

ஓட்டையின் ஓரத்தில் அக்கா முட்டி போட்டு உட்கார்ந்தார். விடப்போகிறீர்களா என்று எர்ல் வியப்போடு கேட்டார். சட்டி பானையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, இவளுக்கு வயிறு நிறைய முட்டை வேறு, போகட்டும் என்றார் அக்கா. மீனைத் தண்ணீருக்குள் இறக்கினார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. அது உடனே போய்விடவில்லை. களைத்துப்போய், அவருடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் செவுளை அசைத்துக்கொண்டு நின்றது. தெம்பு வந்து தானாகப் போகும்வரை பிடித்திருக்க வேண்டுமாம்.

"அக்கா, மூணாவது தடவ அடிக்குது."

"அடிக்கட்டும்" என்றார், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கு நான் சொல்றத முழுசாக் கேக்கப் போறாரு. கொஞ்சம் காத்திருக்கட்டும்."

தண்ணீருக்கடியில் வால் ஒரு முறை அசைந்தது. என் கையில் ஃபோன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.